முதுகு ஆபரேஷன் பற்றி மகளுக்கு

நகரி

அன்பு மகள் தேவிக்கு,

நீ போனில் அழுதால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதுகு ஆபரேஷனில் கண் போகலாம் என்று நீ அனுப்பியது பொய்யில்லை. மயக்க டாக்டரிடமே கேட்டேன். தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். குப்புறப் படுத்து நெடுநேரம் கிடந்தால் முகத்தில் நீர் கோத்துக்கொள்ளும். ரத்தமும் நிறையப் போனால், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்புக்கு ரத்தம் பற்றாமல் போகலாமாம். கண் அழுந்தி விழித்திரையின் ரத்தக்குழாய் அடைபடுவது வேறு வகை. நரம்பு கெட்டால் மீட்க உறுதியான வைத்தியம் இல்லை என்றார். மூடி மறைக்காமல் சொன்னாரே, இவரை நம்பிப் படுக்கலாம் என்று எனக்குப் பட்டது.

நீ அனுப்பிய அமெரிக்கக் கணக்கையே மறுபடி பார். 1996 முதல் 2005 வரை முதுகெலும்பை இணைக்கும் ஆபரேஷன் 10,000 பேருக்கு நடந்தால் சுமார் 3 பேருக்கு இப்படி ஆனது. இதய ஆபரேஷனில் 8, 9 பேருக்கு. 2006இல் வெளியான பட்டியலில் முதுகு ஆபரேஷனில் பார்வை போன 93 பேரில் 83 பேருக்கு நரம்புதான் கெட்டது. அநேகமாக எல்லாருக்கும் மயக்கம் 6 மணி நேரமோ அதற்கு மேலோ, இல்லையென்றால் ஒரு லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் போயிருக்கிறது. எனக்கு மூன்று மணி நேரத்தில் முடியுமாம். ஆணுக்கும் தொப்பைக்காரனுக்கும் ஆபத்து கூடவாம். முதலாவதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதற்கு உன் அம்மா சோற்றைக் குறைத்துவிட்டாள்.

அத்தை புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்கிறாள். கை கால் ஒடிந்தால் நானே முதலில் போவேன். இது நரம்பை எலும்பு அழுத்துகிற சமாச்சாரம். தறிப் பக்கம் நிற்க முடியவில்லை. இடது காலில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் கடைத்தெரு வரை நடந்திருக்கிறேன்.

தலை இதய மட்டத்துக்குக் கீழே போகாமல் வைப்பார்களாம். இடையிடையே கண்ணையும் பார்ப்பார்களாம். மிச்சம் உன் பொறுப்பு. நான் விழித்ததும் பெரிய எழுத்து எதையாவது காட்டிப் படிக்கச் சொல், ஒவ்வொரு கண்ணாக. மங்கல் என்றால் மயக்கம் தெளியவில்லை என்று விட்டுவிடாதே. உடனே கண் டாக்டரைக் கூப்பிடச் சொல். அம்மாவுக்கு அந்த நேரத்தில் அழத்தான் தெரியும்.

முதல் நாளே வந்துவிடு. பழைய எம்.ஆர்.ஐ. படம் உன்னிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வா.

அப்பா