பூட்டிய அங்காடியை இடிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடிக் கிடக்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் இடம் இனி என்ன ஆகும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆன்லைன் வியாபாரம் பற்றியும் நிலத்தின் மதிப்பு பற்றியும் விரிவாக எழுதியிருந்தீர்கள். கட்டடத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. நான் நான்கு மாடி அங்காடி ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். லிப்ட், எஸ்கலேட்டர், ஏசி, மொட்டைமாடி எல்லாம் எங்கள் பொறுப்பில் இருந்தன. எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

கடையை மூடியதும் முதலில் மின்சாரச் செலவைத்தான் குறைப்பார்கள். ஏசி நின்றுவிடும். இந்த மாதிரிக் கட்டடங்களில் மேல்மாடிகளுக்குப் பெரும்பாலும் ஜன்னலே இருக்காது. சுவரெல்லாம் சரக்கு அடுக்குவதற்கு. காற்று முழுக்க முழுக்க இயந்திரத்தை நம்பியது. அது நின்றால் ஈரம் பால்ஸ் சீலிங்கில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து மொட்டைமாடி வடிகால். சருகும் பிளாஸ்டிக் பையும் காற்றில் வந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது ஓர் ஆள் ஏறிக் கையால் அள்ளிப் போட்டால் பத்து நிமிட வேலை. ஆள் இல்லாவிட்டால் ஒரே மழையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கைப்பிடிச் சுவரோரம் ஒட்டிய தார் ஷீட் முதலில் உரியும், பிறகு மாடி மாடியாக ஒழுகும், கடைசியில் லிப்ட் குழிக்குள் தண்ணீர் சேரும். செம்புக் கம்பிக்குத் திருடர்கள் வருவது அதற்குப் பிறகுதான். சில ஆண்டுகள் கழித்து, 'கட்டடம் பழுதடைந்துவிட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை' என்று அறிக்கை வரும். அது தானாகப் பழுதடையவில்லை ஐயா, பழுதடைய விட்டார்கள்.

சரி, இடித்தால் உடனே புதிது வந்துவிடுமா? அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹட்சன்ஸ் என்ற மாபெரும் அங்காடி 1983 ஜனவரியில் மூடப்பட்டது. 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தில் புதிய கோபுரத்துக்கான வேலை தொடங்கியது 2017 டிசம்பரில். நகரின் மையத்தில், ஒரு தலைமுறைக் காலம். இடிப்பதற்கு அனுமதி கொடுப்பது எளிது. அதற்குப் பிறகு வரப்போவது என்ன, பணம் யாருடையது என்று முதலில் கேட்க வேண்டாமா?

அமெரிக்காவிலேயே மெம்பிஸ் நகரில் வேறு விதமாக நடந்தது. சியர்ஸ் நிறுவனம் 1927-ல் கட்டிய அங்காடியும் அஞ்சல்வழி விற்பனைக் கிடங்கும் சேர்ந்த பிரம்மாண்டமான கட்டடம் 1993-ல் முழுவதுமாக மூடப்பட்டது. கிராஸ்டவுன் ஆர்ட்ஸ் என்ற கலை அமைப்பு முன்னின்று முயன்று, 2017-ல் அது மறுபடி திறக்கப்பட்டது. இன்று அதில் வீடுகள், மருத்துவ மையம், கலைக்கூடம், உயர்நிலைப் பள்ளி எல்லாம் இருக்கின்றன. நடுவில் தளங்களை வெட்டித் திறந்து மேலிருந்து வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியமான செய்தி.

'எல்லாவற்றையும் வீடுகளாக்கிவிடலாம்' என்று சொல்பவர்கள் ஒருமுறை இத்தகைய தளத்தின் நடுவில் விளக்கை அணைத்துவிட்டு நின்று பார்க்க வேண்டும். வெளிச்சுவரில் ஜன்னல் வெட்டினாலும், அங்கிருந்து பத்து மீட்டர் உள்ளே வந்தாலே பகலிலும் இருட்டு. கழிவுநீர்க் குழாய்கள் ஒரு மூலையில் மட்டுமே இறங்கும். ஓரங்களில் வீடு வரலாம். நடுப்பகுதிக்கு வேறு பயன்பாடு வேண்டும், அல்லது எஸ்கலேட்டர் இருந்த திறப்பைப் பெரிதாக்கிக் கூரைக்குக் கண்ணாடி போட வேண்டும். மற்றபடி இந்தக் கட்டடங்களுக்கு நல்ல குணங்கள் உண்டு. கடைத் தளத்தை, வீட்டுத் தளம் தாங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை தாங்கும்படி வடிவமைப்பார்கள். சரக்கு லிப்டில் ஸ்ட்ரெச்சரும் போகும், கட்டிலும் போகும். சக்கர நாற்காலி தடையில்லாமல் உருளும். மருத்துவமனை, நூலகம், தொழிற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றுக்கு இவை கிட்டத்தட்டத் தயாராகவே நிற்கின்றன. இங்கிலாந்தின் குளோஸ்டரில் 2021-ல் மூடிய டெபன்ஹாம்ஸ் அங்காடியை அந்த ஆண்டே பல்கலைக்கழகம் வாங்கிவிட்டது.

நிரந்தரத் திட்டம் வரும்வரை பூட்டி வைக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பர்லிங்டனில் 2020-ல் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருப்பது தெரியவந்தது. 2021 மார்ச்சில் பிள்ளைகள் பழைய மேசிஸ் அங்காடிக்குள் படிக்கத் தொடங்கினார்கள். எஸ்கலேட்டரில் ஏறித்தான் வகுப்புக்குப் போனார்கள். தடுப்புச் சுவர்கள் கூரையைத் தொடவில்லை, ஒரு வகுப்பின் சத்தம் அடுத்ததில் கேட்டது. குறைகள் இருந்தன. ஆனாலும் சில மாதங்களில் ஒரு பள்ளிக்கு இடம் கிடைத்தது, கட்டடத்துக்கும் ஆள் நடமாட்டம் கிடைத்தது.

உரிமையாளர்கள் ஏன் காத்திருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் சிக்கல் ஒப்பந்தத்தில்தான். 'இந்த இடத்தில் இன்ன வியாபாரம் வரக்கூடாது' என்ற நிபந்தனை சில பத்திரங்களில் உண்டு. பெரிய கடை மூடினால் வாடகையைக் குறைக்கக் கோரும் உரிமை பக்கத்துச் சிறு கடைகளுக்கு இருப்பதும் உண்டு. இதெல்லாம் தீர்வதற்குள் அந்தச் சிறு கடைகளே போய்விடுகின்றன. இங்கிலாந்தில் 2023-ல் ஒரு சட்டம் இயற்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் மொத்தம் ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடைகளின் குத்தகையை உள்ளாட்சி மன்றமே ஏலம் விட வழி செய்தார்கள். அது 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்படி ஒரு கெடு எங்கும் வேண்டும். மூடிய நாளிலிருந்தே கூரை, வடிகால், தீயணைப்புக் குழாய் ஆகியவற்றைப் பராமரிப்பது உரிமையாளரின் கட்டாயக் கடமையாக வேண்டும். மாற்றுக் கட்டடத்துக்கான பணம் உறுதியாகும் வரை இடிக்க அனுமதி தரவே கூடாது.

எது வந்தாலும் தரைத்தளம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். எங்கள் அங்காடியின் வாசலுக்குள்ளே இரண்டு நீள பெஞ்சுகள் இருந்தன. எதுவும் வாங்காத முதியவர்கள் மதியம் முழுக்க அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இரவு நேரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் வெளிச்சத்துக்காக உள்ளே வந்து நிற்பார்கள். காசு கேட்காத கழிப்பறை அந்தத் தெருவிலேயே அது ஒன்றுதான். கடை மூடியபோது இவர்கள் இழந்தது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த இடத்தில் உயர்ந்த வேலியும் காவலாளியும் கொண்ட குடியிருப்பு வந்தால் அவர்களுக்கு அது இன்னொரு மூடிய கதவுதான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எழுதும்போது, பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு கட்டடத்தின் பெயரோடு அதன் உரிமையாளர் யார், எப்போது மூடப்பட்டது, இப்போது சாவியும் பராமரிப்பும் யார் கையில் என்பதையும் வெளியிடுங்கள். வடிகால் அடைத்திருப்பதைத் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரிடம் சொல்வது என்றாவது தெரியட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பராமரிப்புப் பணியாளர்