ஸ்கோப் அறிக்கையில் புண்ணின் வடிவத்தையும் எழுதுங்கள்

வட சென்னையின் ஸ்கோப் (குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) மையங்களுக்கும் கிளினிக் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். "சிறுகுடல் முனையில் புண், டிபியா, க்ரோன்ஸா பார்க்கவும்" என்று ஒரே வரியோடு முடியும் அறிக்கையை வைத்து எந்த மருந்தையும் தைரியமாகத் தொடங்க முடியாது. க்ரோன்ஸ் என்பது கிருமித் தொற்றாக இல்லாமல் குடலில் நீடிக்கும் அழற்சி நோய். டிபி உள்ளவருக்கு அதற்கான ஸ்டீராய்டைக் கொடுத்தால் கிருமி பரவும். க்ரோன்ஸ் உள்ளவருக்கு டிபி மாத்திரையையே நீட்டிக்கொண்டு போனால், குடல் தழும்பேறிச் சுருங்கி, கடைசியில் அடைப்போடு அவசர ஆபரேஷனில் நிற்கும்.

க்ரோன்ஸ் விட்டு விட்டுப் பிடிக்கும். ஓரிடம் புண், அடுத்து நல்ல சவ்வு (குடலின் உள்தோல்), மறுபடி புண். மலக்குடல் பல நேரம் தப்பிவிடும். தொடக்கத்தில் சிறு ஆப்தஸ் (மேலோட்டமான) புண்கள். முற்றினால் அவை ஒன்றுசேர்ந்து நீளவாக்கில் ஆழமாக ஓடும், இடையே வீங்கிய சவ்வு கூழாங்கல் பதித்த தரைபோல் மேடுதட்டும். டிபி புண் பெரும்பாலும் குறுக்கே, குடலைச் சுற்றி வரும். சீக்கம் (பெருங்குடலின் தொடக்கப் பை) சுருங்கி, சிறுகுடல் அதில் சேரும் இடத்து வால்வு திறந்தபடி கிடக்கும். விதிவிலக்குகள் உண்டு. அதனாலேயே எந்த இடம், எந்த வடிவம், நடுவில் நல்ல சவ்வு இருந்ததா என்ற மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்கிறோம்.

சீக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள், சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்துக்குள் நுழைந்து பாருங்கள். பயாப்சிக்கு (சதைத் துண்டுச் சோதனை) புண்ணிலிருந்து 8 துண்டாவது வேண்டும். நன்றாகத் தெரியும் சவ்விலும், மலக்குடலிலும் இரண்டிரண்டு எடுத்து, இடம் எழுதிய தனித்தனி பாட்டிலில் போடுங்கள். எல்லாவற்றையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போட்டுவிட்டால் டிபி கல்ச்சர் வளராது, கிருமி செத்துவிடும். அதற்கான துண்டுகள் சலைனில் அன்றே லேபுக்குப் போகவேண்டும்.

க்ரோன்ஸ் அழற்சி குடல் சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும் என்பதால்தான் பவுத்திரம் வருகிறது. அறுத்தும் திரும்பத் திரும்ப வரும் 20 வயதுக்காரரை இன்னொரு ஆபரேஷனுக்கு அனுப்புமுன் ஸ்கோப்புக்கு அனுப்புங்கள்.

மலத்தில் கால்புரோடெக்டின் (அழற்சியின்போது ஏறும் புரதம்) கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். 50-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் இல்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் அதை ஏற்றிவிடும், கேட்டுக்கொள்ளுங்கள். டிபியிலும் ஏறும் என்பதால் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

எல்லாம் பார்த்தும் முடிவாகாமல் டிபி மருந்து தொடங்கினால், இரண்டு மூன்று மாதத்தில் மறு ஸ்கோப் கட்டாயம். வலி குறைந்தது, எடை ஏறியது என்று நம்பிவிட வேண்டாம். க்ரோன்ஸ் உள்ள சிலருக்கும் அந்த மருந்தில் அப்படி ஆகும். டிபி என்றால் புண் ஆறியிருக்கும். ஆறவில்லையென்றால் மருந்தை ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று இழுக்காமல், மருந்துக்கு அடங்காத டிபியா என்று பார்த்துவிட்டு க்ரோன்ஸ் பக்கம் திரும்புங்கள்.

முதல் ஸ்கோப்பின் படங்களை நோயாளி கையிலேயே கொடுத்தனுப்புங்கள். தண்டையார்பேட்டையில் பார்த்தவர் மறு ஸ்கோப்பைப் பெரம்பூரில் செய்தாலும் அங்குள்ளவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

இப்படிக்கு,
வட சென்னையில் குடல் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்கள் சிலர்