ஸ்ட்ரெஸ் என்று எழுதியிருந்தாய்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மீனா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. ஆனால் உன்னைப் பற்றி எழுதிய பக்கத்தில் "ஒரே ஸ்ட்ரெஸ்" என்பது மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அதுதான் எனக்குக் கவலை. போன வருஷம் நானும் யார் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மா போன பிறகு இரண்டு மாதம் எனக்குத் தூக்கமே இல்லை. அப்போது ஒரு கவுன்சலரிடம் போனதை உன்னிடம்கூடச் சொல்லவில்லை. அங்கே பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷில். நானும் "லோவா இருக்கு, ஆங்ஸைட்டியா இருக்கு" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் எழுந்து வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா ஒருவர், "என்ன தாயி, மொகமே செத்துக் கெடக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான், அங்கேயே அழுதுவிட்டேன். ஒரு முழம் மல்லிகையை என் கையில் திணித்தார், காசு வாங்கவில்லை.

அது ஏன் என்று அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 2003-இல் கேத்தரின் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ஆய்வு ஒன்று கிடைத்தது. துருக்கி மொழி பேசி வளர்ந்து, பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் விரல் நுனியில் வியர்வைக் கசிவை அளக்கும் கருவியைப் பொருத்தினார்கள். இரண்டு மொழியிலும் பல சொற்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது சின்ன வயதில் வாங்கும் திட்டில். "வெட்கமாயில்லை?" என்பது போன்ற வசவு தாய்மொழியில் வந்தபோது உடம்பு சட்டென்று பதறியது. ஆங்கிலத்தில் அந்தப் பதற்றம் குறைவு. அந்தச் சொற்களை நாம் அகராதியில் படிக்கவில்லையே, மீனா. அம்மாவின் குரலோடும் முகத்தோடும் சேர்த்தல்லவா வாங்கிக்கொண்டோம்.

அந்தக் கவுன்சலர் மேல் எனக்கு இருந்த வருத்தமும் இதைப் படித்த பிறகு போய்விட்டது. தாங்க முடியாததைச் சிலரால் முதலில் வேறு மொழியில்தான் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிப்பது மாதிரி. அன்றைக்கு எனக்கு இங்கிலீஷ் அந்தத் துணி.

இன்னொன்று. 2007-இல் கலிஃபோர்னியாவில், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 30 பேரை ஸ்கேனில் படுக்கவைத்து, கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டினார்கள். முகத்தில் தெரிவது கோபமா பயமா என்று சொல் தேர்ந்தெடுத்தபோது, மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இருந்துகொண்டு ஆபத்து, பயம் என்றால் உஷாராகிற அமிக்டலாவின் பரபரப்பு தணிந்தது. நெற்றிக்குப் பின்னால், வலது பக்கம் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அதே முகத்துக்கு ஆண் பெயரா பெண் பெயரா பொருந்தும் என்று தேர்ந்தெடுத்தபோது அப்படித் தணியவில்லை. ஏதோ ஒரு சொல் போதாது, அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லாக இருக்க வேண்டும். உன் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லோடு எனக்கு வழக்கே இதுதான். பயம், எரிச்சல், ஏக்கம், அலுப்பு எல்லாவற்றையும் அது ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது.

சொல் வராமல் போவதும் உன் குற்றமில்லை. 1996-இல் ஸ்காட் ராச் குழுவினர், பெரிய அதிர்ச்சிக்கு ஆளான 8 பேருக்கு அவரவர் அனுபவத்தையே ஒலிநாடாவில் கேட்க வைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். அமிக்டலா கொதித்தது. பேச்சை உருவாக்குகிற ப்ரோகா பகுதி மங்கியது. எட்டே பேர் என்பதால் இதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் "வாயடைத்துப் போனேன்" என்று நம் ஆட்கள் சொல்வது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான் செய்தது இதுதான். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை, மனதை அழுத்துகிற விஷயத்தைத் தினம் 15 நிமிஷம், 4 நாள் எழுதவைத்தார். அப்படி எழுதியவர்கள் பிறகு வந்த மாதங்களில் டாக்டரிடம் போனது குறைந்தது. நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதினேன். முதல் நாள், "அம்மாவின் கண்ணாடிக் கூடு டிவி மேலேயே இருக்கிறது. எடுக்க மனசில்லை, பார்க்கவும் முடியவில்லை" என்பதோடு நின்றுவிட்டேன். அன்றிரவு இன்னும் மோசமாக இருந்தது. அந்த மாணவர்களுக்கும் எழுதி முடித்தவுடன் மனசு கனத்துத்தான் போயிருக்கிறது. மூன்றாம் நாள் பேனா தானாக எழுதியது: "ஆத்திரம்." தம்பி மேல். அந்தக் கடைசி வாரம் அவன் வரவில்லை. நான் துக்கம் என்று நினைத்ததில் பாதி அதுதான். சித்திரையில்தான் அவனிடம் சொல்ல முடிந்தது. அவனும் அழுதான்.

எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். 2006-இல் 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பலன் சிறியது என்றுதான் தெரிந்தது. நீ மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, சோறு இறங்கவில்லை என்கிறாய். அதற்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். தயக்கமாக இருந்தால் முதலில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு ஒன்று மட்டும் எழுது. பையனின் ஹாஸ்டலிலிருந்து போன் வரும்போது உனக்கு எங்கே, என்ன செய்கிறது? வயிற்றிலா, தொண்டையிலா? எழுத வரவில்லை என்றால் போனில் சொல். தினமும் எட்டு மணிக்கு மேல் நான் மொட்டை மாடியில் தனியாகத்தான் இருப்பேன்.

அன்புடன்,
செல்வி