குழாயா, கையால் ஊட்டலா: முடிவெடுக்கக் கூட இருந்தவர்களுக்கு நன்றி

மறதிநோய் முற்றி, விழுங்கவே சிரமப்படும் பெரியவர்களுக்கு மூக்கு வழியாக உணவுக்குழாய் போடுவதா வேண்டாமா என்று குடும்பங்களோடு பேச எங்கள் முதியோர் இல்லத்துக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

"குழாய் போடலைன்னா பட்டினி போடச் சொல்றீங்களா?" என்று பிள்ளைகள் கேட்டபோது அவசரப்படாமல் விளக்கிய மருத்துவர்களுக்கு நன்றி. குழாய் இருந்தாலும் எச்சில் புரையேறும், வயிற்றிலிருந்து எதுக்களிக்கும். அவை நுரையீரலுக்குள் போவதால் நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வருவது நிற்காது. குழாயைப் பிடுங்குவார்கள் என்று கையைக் கட்டவும் நேரும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இலேயே, முற்றிய நிலையில் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்றது.

ஊட்டிவிடும் அக்காமார்களே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. தலை பின்னால் சாயாமல் நிமிர்த்தி உட்காரவைத்து, தேக்கரண்டியில் பாதி மட்டும் எடுத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். ஒரு வேளைக்கு 30, 40 நிமிடம். முடிந்தபின் அரைமணி நேரம் படுக்கவிடுவதில்லை. ரசம் புரையேறும் சிலருக்குக் குழைந்த பருப்புசாதம் இறங்கிவிடும். உதட்டை இறுக்கி முகத்தைத் திருப்பினால் அத்தோடு நிறுத்துவீர்கள். அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்கிறீர்கள். பக்கத்தில் நின்று இதைப் பார்த்த பிறகே பல வீடுகளில் பேச்சு மாறியது.

குடும்பத்தாரே, "நாங்க என்ன செய்யணும்?" என்பதை விட்டு, "நல்லா இருந்தப்போ அம்மா இதைப் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று யோசித்தீர்கள். வெளிநாட்டுப் பிள்ளையையும் வீடியோவில் உட்காரவைத்தீர்கள். அவரை விட்டுவிட்டு எடுக்கும் முடிவு, அவர் ஊருக்கு வந்த அன்றே கலைந்துபோகும்.

இரவு நர்ஸ்களுக்கும் நன்றி. என்ன முடிவு, யார் யார் இருந்தார்கள், காய்ச்சல் வந்தால் இங்கேயே வைத்தியமா ஆஸ்பத்திரியா, முதலில் யாருக்குப் போன் என்று ஒரே தாளில் எழுதி, கேஸ் ஷீட்டில் முதல் பக்கமாக வைக்கிறீர்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் நடுராத்திரி மூச்சு வாங்கும்போது 108, பிறகு ஐசியூ, விடிந்தால் மூக்கில் குழாய். எடை குறைந்தாலோ ஆஸ்பத்திரி போய்வந்தாலோ நீங்களே அதைத் திருத்தக் கூப்பிடுகிறீர்கள்.

உயில்போல மருத்துவ விருப்பத்தை எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் வழிவிட்டது. 2023-இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றொப்பம் போதும் என்றது. நினைவு தெளிவாக இருக்கும்போதே இதை எழுதச் சொல்லி வீடு வீடாக விளக்கிய வழக்கறிஞர்களுக்கும், எந்நேரம் கேட்டாலும் கட்டியில்லாமல் ராகிக் கூழ் காய்ச்சித் தரும் சமையல்கட்டுக்கும் எங்கள் நன்றி.

இப்படிக்கு,
பராமரிப்புக் குழுவினர்