கைசர் வீட்டுச் சாமான்கள்: ஒரு திறந்த மடல்

ஜெர்மனியின் முன்னாள் அரச குடும்பமான ஹோகென்சோலர்ன் குடும்பத்துக் கலைப்பொருள்களைப் பொறுப்பேற்கும் அறக்கட்டளையின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 மே மாதம் எட்டிய உடன்பாட்டின்படி, யாருக்குச் சொந்தம் என்று அந்த முன்னாள் பேரரசர் குடும்பத்தோடு தகராறில் கிடந்த சுமார் 27,000 பொருள்கள் உங்களிடம் வருகின்றன. பழைய ஜெர்மன் ஓவியர் கிரானாக் வரைந்த ஓவியம், பிரஷ்ய மன்னர் மகா பிரெடரிக்கின் விருந்துப் பாத்திரங்கள் எல்லாம் அதில் அடக்கம். நல்ல செய்திதான். ஒரே ஒரு வேண்டுகோள்: இவை அந்தக் குடும்பத்திடம் எப்படித் தங்கின என்பதையும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

1918 நவம்பரில், முதல் உலகப் போரின் முடிவில், கைசர் (ஜெர்மன் பேரரசர்) இரண்டாம் வில்ஹெல்ம் நெதர்லாந்துக்கு ஓடிப்போனார். ஜெர்மனியின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் அரசு அவருடைய சொத்தை முடக்கியதே தவிரப் பறிமுதல் செய்யவில்லை. டோர்ன் என்ற ஊரில் அவர் வாங்கிய மாளிகைக்கு 59 ரயில் வண்டிப் பெட்டிகளில் சாமான் போனது, காரும் படகும்கூட! அந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். இடது கை சூம்பிப்போன அவருக்கென்று செய்த, ஓரத்தால் வெட்டவும் முடிகிற முள்கரண்டியை அங்கே வைத்திருக்கிறார்கள். எழுதுமேசைக்கு முன்னால் நாற்காலிக்குப் பதில் குதிரைச் சேணம்.

அந்த முள்கரண்டி அவருடையதுதான், அதில் யாருக்கும் தகராறு இல்லை. அரண்மனைகளும் காடுகளும் பண்ணைகளும் யாருடையவை? மன்னரின் சொந்தப் பணம் எது, அரசாங்கப் பணம் எது என்று அவர் இருந்தவரை யாரும் கறாராகப் பிரித்துப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு பிரிக்க உட்கார்ந்தார்கள், எட்டு வருடம் இழுத்தது.

1926 ஜூன் 20 அன்று, இழப்பீடு தராமலே மன்னர் குடும்பங்களின் சொத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். போரில் கணவனை இழந்தவர்களும் 1923 பணவீக்கத்தில் சேமிப்பைப் பறிகொடுத்தவர்களும் நிறைந்திருந்த நாடு அது. சுமார் 1.45 கோடிப் பேர் ‘ஆம்’ என்றார்கள். ஆனால் மொத்த வாக்காளர்களில் பாதிப்பேர், அதாவது ஏறக்குறைய 2 கோடிப் பேர் வேண்டும் என்பது நிபந்தனை. எதிர்த்தவர்கள், வாக்குச்சாவடிப் பக்கமே போகாதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அப்புறம் ரகசிய வாக்கு எங்கே? போனாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்க எந்தக் கூலியாள் துணிந்து போவான்?

தோற்றது. அதே அக்டோபரில் பிரஷ்ய சட்டமன்றம் ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது: கைசர் குடும்பத்துக்கு 1.5 கோடி மார்க், ஒன்றரை லட்சம் ஏக்கர் நிலம்.

1945க்குப் பின் ஜெர்மனியில் சோவியத் பிடியிலிருந்த பகுதியில் குடும்பத்தின் சொத்துகள் பறிபோயின. ஜெர்மனி ஒன்றான பிறகு குடும்பம் இழப்பீடு கேட்டது. நாஜிகளுக்குப் பெரிய அளவில் துணைபோனவர்களுக்கு இழப்பீடு இல்லை என்பது சட்டம். கைசரின் மகனான பட்டத்து இளவரசர் அப்படிப்பட்டவரா என்று வரலாற்றாசிரியர்கள் வருடக்கணக்கில் மோதினார்கள். 2023இல் குடும்பமே இழப்பீட்டு வழக்கைத் திரும்பப் பெற்றது.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று எப்படியும் அட்டை எழுதுவீர்கள். எது 1926 ஒப்பந்தத்தில் அரசு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தது, எது குடும்பம் பின்னால் வாங்கியது, எது கடைசிவரை தீராத வழக்கு என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பட்டியல் முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் போடுங்கள். அந்த 1.45 கோடிப் பேரின் பேரப்பிள்ளைகளும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று வாசகர்