பொது நாணயத்துக்கு முன் பொது மின்சாரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்காசியாவின் எட்டு நாடுகளும் ஒரே நாணயம், ஒரே நாடாளுமன்றம் கொண்ட ஒன்றியமாக இணைவதாகக் கற்பனை செய்து தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கற்பனை என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. ஆனால், கட்டுரையாளர் முதல் படியாக வைக்கும் பொது நாணயம் கடைசிப் படியாக இருக்க வேண்டியது என்பது என் கருத்து.

ஐரோப்பிய நாடுகள் ஆறு, 1951ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை மூலம் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தன. யூரோ தாள்கள் மக்கள் கைக்கு வந்ததோ 2002இல்தான். அத்தனை காலம் பொறுத்திருந்தும், வரியையும் அரசுச் செலவையும் இணைக்காமல் நாணயத்தை மட்டும் இணைத்ததன் விலையைக் கிரேக்கம் கொடுத்தது. கடன் நெருக்கடியில் சிக்கியபோது, நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்கும் வழி அதற்கு இல்லை. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது ரூபாயின் சரிவு மக்களை வாட்டியது உண்மையே என்றாலும், நாணயம் பற்றிய முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டது. பொது நாணயத்தின்கீழ் அதை யார் எடுத்திருப்பார்கள் என்ற கேள்வியைக் கட்டுரை தொடவே இல்லை.

நாடாளுமன்றத்திலும் இதே சிக்கல்தான். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஜெர்மனிக்கு 96 இடங்கள், மால்டாவுக்கு 6. மக்கள்தொகை விகிதத்தைவிட மால்டாவுக்கு இது மிக அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவர்களே ஜெர்மனியில் வாழ்வதால் இந்தச் சலுகை அங்கே செல்லுபடியாகிறது. தெற்காசிய மக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் இந்தியாவில் இருக்க, மாலத்தீவும் பூட்டானும் நம்பக்கூடிய, அதேவேளையில் இந்திய வாக்காளரும் ஏற்கக்கூடிய இடப் பங்கீடு எது?

1985இல் டாக்காவில் தொடங்கப்பட்ட, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க், ஒருமனதாக மட்டுமே முடிவெடுக்க வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டு, 2014 காட்மாண்டு மாநாட்டுக்குப் பின் அடுத்த உச்சி மாநாட்டை நடத்த முடியாமல் முடங்கிக் கிடக்கிறது. (இருதரப்புத் தகராறுகளை அங்கே பேசவே கூடாது என்பதும் அதன் சாசன விதி.)

இதற்கிடையே, 2024 நவம்பரில் நேபாளத்தின் நீர்மின்சாரம் இந்திய மின்தடங்கள் வழியாக வங்கதேசத்தை அடைந்தது. அளவு சிறியது, 40 மெகாவாட்தான். மழைக்காலத்தில் உபரி மின்சாரம் வைத்திருக்கும் நேபாளம், குளிர்காலத்தில் ஆறுகள் வற்றும்போது இந்தியாவிடம் வாங்குகிறது. கொடுப்பவரே வாங்குபவராகவும் இருக்கும் இத்தகைய உறவில் சிறிய நாட்டின் குரலுக்கும் மதிப்பு உண்டு. ஐரோப்பாவின் நிலக்கரி, எஃகு ஏற்பாடு நிலைத்ததற்கு, அரசுகளைக் கட்டுப்படுத்தும் ஆணையமும் வழக்குகளைத் தீர்க்கும் நீதிமன்றமும் அதற்கு இருந்தது ஒரு முக்கியக் காரணம். மின்தடக் கட்டணத்தை நிர்ணயிக்கவும் தகராறுகளைத் தீர்க்கவும் அத்தகைய ஆணையம் ஒன்றை, எட்டு நாடுகளுக்கும் காத்திராமல், முன்வரும் மூன்று நான்கு நாடுகளே அமைத்துக்கொள்ளலாம். அதன் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது குறித்துக் கட்டுரையாளர் எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்