சனிக்கிழமை படப்பிடிப்பு: எல்லாரும் படித்துவிடுங்கள்

சனிக்கிழமை மாலை 6 மணிக்குப் தோட்டத்தின் பழைய லயத்து வீடுகளுக்குப் பின்னால் கூடுகிறோம். சூரியன் ஏழேகால் வாக்கில்தான் இறங்கும். அதற்கப்புறம் அந்த நீல வெளிச்சம் இருபது நிமிடம் நின்றால் பெரிது. பேய் செம்பனை வரிசைக்குள் நடக்கும் காட்சியை அதற்குள் எடுத்தாக வேண்டும். முழு இருட்டில் கைபேசிப் படம் புள்ளி புள்ளியாய் இறைந்ததைப் போன வாரம் பார்த்தோமே. கேமராவில் நொடிக்கு 24 பிரேம், ஷட்டர் 1/50 நொடி. மாற்றினால் லயத்துக் குழல்விளக்கு மினுக்கலாம்.

புகைக்குச் சாம்பிராணி. ரத்தத்துக்கு ரோஸ் சிராப்பில் ஒரு கரண்டி மைலோ தூள். எறும்பு மொய்க்கும், வெள்ளைப் புடவையைத் தரையில் போடாதீர்கள் (அம்மாவின் புடவை அது).

மண்டோரிடம் (தோட்டக் கண்காணி) சொல்லியாச்சு. முனியாண்டி கோயில் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்ப வேண்டாம். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டு வாருங்கள்.